பதினேழாம் நம்பர் சிபாரிசு

ஒரு நாத்தனார் தன் அண்ணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத உட்கார்ந்தால், படிக்கிறவர்களுக்கு முதலில் சந்தேகம்தான் வரும். வரட்டும், எனக்கொன்றும் இல்லை. அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மூன்று வருடம் நானும் அவரோடு முட்டிக்கொண்டவள்தான். எல்லாம் டிவி ரிமோட்டுக்காக. இன்றைக்கும் ரிமோட் அவர் கையில்தான் இருக்கிறது. நான் விட்டுக்கொடுத்தேன் என்று நான் சொல்வேன். தோற்றுப்போனாள் என்று அண்ணன் சொல்வான்.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறோம். நான் வாசலில், வரவேற்பு மேசையில். அண்ணி அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு நீள அறையில். ஆபரேஷன் முடிந்த கத்தி, கத்தரி, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் எல்லாம் அங்கேதான் இறங்கும். கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ட்ரேயில் அடுக்கி, எண்ணி, துணியில் சுற்றி, பெரிய நீராவிப் பெட்டிக்குள் தள்ளுவார்கள். சுற்றின துணிமேல் ஒரு டேப் ஒட்டியிருக்கும். சூடு சரியாக ஏறினால் டேப்பில் இருக்கும் வெளிர் கோடுகள் கறுத்துவிடும். கோடு கறுக்காத ட்ரே மேலே போகாது.

எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட எல்லோருக்கும் உரிமை கிடையாது. அதற்கு ஒரு பரீட்சை உண்டு. அண்ணி பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். நாற்பத்தொரு வயதில், வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் புத்தகத்தைப் பரப்பி, இரண்டு வருடம் படித்து அந்தப் பரீட்சையில் தேறினார். தேறியவர்களுக்கு ஒரு நம்பர் தருவார்கள். ட்ரேயின் லேபிளில் பெயர் வராது, அந்த நம்பர்தான் வரும். அண்ணியின் நம்பர் பதினேழு. வீட்டுக்கு வந்ததும் நம்பர் பொறித்த பேட்ஜைக் கழற்றிக் கதவோரத்து ஆணியில் மாட்டுவார். அந்த ஆணியில் ஒருநாள் அண்ணன் குடையை மாட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது எங்கள் வீட்டில் பிரசித்தம்.

டிவிக்கு வருகிறேன். மாமியார் மருமகள் கதையெல்லாம் அண்ணிக்கு ஆகாது. "நம்ம வீட்ல இல்லாத சண்டையா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அவருக்கு வேலை செய்கிற இடத்துக் கதை வேண்டும். அதுவும் மூச்சு முட்டுகிற வேலையாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இருநூறு தட்டு வெளியே போகவேண்டிய ஓட்டல் சமையல்கூடம், விமானங்களை இறக்குகிற கோபுரம், அச்சுக்குப் போக பத்தே நிமிஷம் பாக்கியிருக்கும் பத்திரிகை அலுவலகம் இப்படி. எந்த நாட்டுத் தொடரானாலும் சரி, கீழே எழுத்து ஓடினால் போதும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பார். யாராவது தண்ணீர் கேட்டால் அவரவர் எழுந்து போய்க் குடிக்க வேண்டியதுதான்.

பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு அவர்தான் என்ன பார்ப்பது என்று எழுதிக் கொடுப்பார். டாக்டர் மருந்து எழுதுவதுபோல, மிச்சமான டேப் துண்டின்மேல் எழுதுவார். தொடரின் பேர், எத்தனையாம் பகுதியிலிருந்து சூடு பிடிக்கும், எதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கக் கூடாது எல்லாம் அதில் இருக்கும். அடியில் கையெழுத்துக்குப் பதில் 17 என்று போடுவார். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். யாருக்கும் அவரவர் தொழில் கதையைத் தரமாட்டார். ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டித் துரத்தல் கேட்டு வந்தால் பத்திரிகை அலுவலகத்தை எழுதித் தருவார். கேன்டீன் சமையல்காரருக்கு விமானக் கோபுரம் கிடைத்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவர், நாலு காபி கேட்டால் தானும் "நாலு காபி" என்று சொல்லி, பதிலுக்கு நாமும் "நாலு காபி" என்று திருப்பிச் சொன்னால்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார்.

ஆஸ்பத்திரித் தொடரை மட்டும் யார் கேட்டாலும் தரமாட்டார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

"ஏழு சீசன் பாத்துட்டேன். டாக்டர் கைய நீட்டுறாரு, கத்தி வந்து உக்காருது. நீட்டுறாரு, உக்காருது. அது எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ காட்டுனாங்களா? குழாய்ல தண்ணி வர்ற மாதிரி வருது அவங்களுக்கு. அதப் போய் நான் சிபாரிசு பண்ணணுமா?"

குரலில் கோபம் இருந்தது. வருத்தமும் இருந்தது, அதை அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எல்லாம் தலைகீழானது. எங்கள் தலைமை சர்ஜனை நாங்கள் மணிக்கூண்டு என்போம். ஆள் அவ்வளவு உயரம், நேரத்திலும் அவ்வளவு கறார். காலை எட்டு மணிக்கு அவர் கத்தி எடுக்க வேண்டும். நோயாளிக்கு மயக்கம் கொடுத்தாகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ட்ரேயைப் பிரித்து எண்ணினால் நாற்பத்தொன்று வருகிறது. லேபிளில் நாற்பத்திரண்டு என்று இருக்கிறது. மறுபடி எண்ணினாலும் நாற்பத்தொன்றுதான். ஒரு கிளாம்ப் குறைகிறது. ட்ரே கணக்கு சரியில்லாமல் ஆரம்பிக்க முடியாது, ஏனென்றால் கடைசியில் ஒன்று குறைந்தால் அது நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. வேறு ட்ரே வருவதற்கு நாற்பது நிமிஷம் ஆனது. நோயாளி நல்லபடியாகப் பிழைத்து வீட்டுக்குப் போனார். காணாமல்போன கிளாம்ப் கழுவும் இயந்திரத்தின் கூடை மூலையில் கிடந்தது.

லேபிளில் எண்ணியவர்கள் பதினேழு, இருபத்துமூன்று என்று இருந்தது. இருபத்துமூன்று அண்ணியின் ஜோடி. ஒன்பது வருடமாக அவர்கள் இருவரும் சேர்ந்துதான் எண்ணுகிறார்கள். அதிகம் பேசாத மனிதர், எல்லோரும் மௌனம் என்றுதான் கூப்பிடுவோம். இத்தோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். ட்ரே வந்த டிராலியின் கைப்பிடியில் அண்ணி தியேட்டர் நர்ஸுக்காக ஒட்டி அனுப்பியிருந்த துண்டு மணிக்கூண்டின் கண்ணில் பட்டுவிட்டது. "விமானக் கோபுரம். நாலாம் பகுதி. நின்றுகொண்டு பார்க்க வேண்டாம், கால் நடுங்கும். 17." அவர் அதைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மதியத்துக்குள், அடித்தளத்தில் சீரியல் கதை பேசிக்கொண்டே எண்ணுகிறார்கள் என்று பேச்சு வாசல்வரை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விசாரணை என்று கடிதம் வந்தது. அதுவரை அண்ணி எண்ணக் கூடாது. தவறு உறுதியானால் பதினேழு ரத்து. பேட்ஜை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் அந்த ஆணி காலியாக இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் குடையைக் கொண்டுபோய் உள்ளறையில் வைத்தான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கிளாம்ப் கிடந்தது கழுவுற எடத்துல. கழுவுற ஆள் மேல போட்டுட்டுப் போங்க அண்ணி" என்றேன்.

"அவரு கூடையில விட்டாரு, சரி. அதுக்குத்தான எண்ணுறதுக்குன்னு ரெண்டு பேரு இருக்கோம்?" என்றார். பிறகு விரல்களை மடக்கிக்கொண்டே சொன்னார். "எண்ணும்போது நாங்க பேசல. அது எனக்குத் தெரியும். ஆனா ட்ரேல நாப்பத்தொண்ணுதான் இருந்திருக்கு. அதுவும் உண்ம. ரெண்டும் உண்மன்னா நடுவுல என்னதான் ஆச்சு?"

மறுநாள் அவருக்கு வாராந்தர விடுமுறை. நான் ஷிஃப்ட் முடிந்து ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது விமானக் கோபுரம் நாலாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சமயத்தில் இதுவா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரே காட்சியை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டார். நான் எண்ணினவரை நாலு தடவை. கோபுரத்தில் இருக்கிறவன் விமானிக்கு எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்று ஒரு நம்பர் சொல்கிறான். விமானி அதைத் திருப்பிச் சொல்லும்போது வேறு நம்பர் சொல்கிறான். கோபுரத்துக்காரன் கேட்டுவிட்டு "சரி" என்கிறான்.

"பாத்தியா? காதுல தப்பான நம்பர் விழுது. மனசு, தான் சொன்ன நம்பரத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்து பால்கனிக்குப் போனார். துணிக்கு மாட்டுகிற கிளிப் கூடையோடு திரும்பி வந்தார்.

சாப்பாட்டு மேசையில் கிளிப்புகளை இரண்டு வரிசையாக வைத்தார். "நான் தொட்டுத் தொட்டு எண்ணுறேன். நீயும் என் கூடவே சத்தமா எண்ணு." எண்ணினோம். இருபத்தொன்று வந்தது. "இப்ப நீ மட்டும் எண்ணு" என்றார். இருபதுதான் இருந்தது. மேல்வரிசைக் கடைசிக் கிளிப்பைத் தொட்ட விரல், கீழ்வரிசைக்குத் திரும்பும்போது அதையே இன்னொரு தடவை தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. என் கண்ணெதிரில்தான் தொட்டார். அவர் குரல் போன வேகத்தில் என் வாயும் பின்னாலேயே போய்விட்டது. அண்ணன் வந்ததும் அவனிடமும் செய்தார். அவனும் இருபத்தொன்று. அப்புறம் தனியாக மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றை நான் ஒளித்துவைத்திருப்பதாக என் கையை விரித்துக் காட்டச் சொன்னான்.

நாங்கள் சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒம்போது வருஷமா அவரு எண்ணவே இல்ல. நான் எண்ண விடல. என் கொரல் முன்னால போகுது, அவரு கூட வர்றாரு. எங்க ஜோடி மாதிரி வராதுன்னு எல்லாரும் சொல்வாங்களே, அந்தப் பொருத்தம்தான் வெனையா போச்சு."

"இதப் போயி விசாரணைல சொல்லிடாதீங்க அண்ணி. தப்பு உங்க மேலன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். நம்பர் போயிடும்."

"போனா போகுது. சொல்லலன்னா நாளைக்கு வேற ஒருத்தர் ட்ரேல இதே மாதிரி ஒண்ணு கொறையும்."

போனால் போகிறது என்று சொன்னாரே தவிர, அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கதவைத் தாண்டும்போதெல்லாம் ஆணியைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமை விசாரணைக் குறிப்பு எழுத வேண்டியவர் லீவு. நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, "நீதான் எழுதணும். எழுதணும், அவ்வளவுதான். வாயத் திறந்தே, நானே வெளியில அனுப்பிடுவேன்" என்றார். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மேட்ரன், நிர்வாக அதிகாரி, நடுவில் மணிக்கூண்டு. இந்தப் பக்கம் அண்ணியும் மௌனமும். அண்ணி துணியால் மூடிய ஒரு ட்ரேயைக் கொண்டுவந்து முன்னால் வைத்திருந்தார். மௌனத்தின் கண் சிவந்திருந்தது.

மணிக்கூண்டு பையிலிருந்து அந்த டேப் துண்டை எடுத்து மேசைமேல் ஒட்டினார். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

"நான் எழுதினதுதான் டாக்டர். டிராலில ஒட்டினது தப்பு. இனிமே ஒட்டமாட்டேன். ஆனா எண்ணும்போது நாங்க பேசல."

"பேசலன்னா நாப்பத்தொண்ணு எப்படி நாப்பத்திரண்டு ஆச்சு?"

"அதக் காட்டத்தான் வந்திருக்கேன்" என்று அண்ணி துணியை விலக்கினார். பழகுவதற்கு வைத்திருக்கும் பழைய கிளாம்புகள், இரண்டு வரிசையாக இருந்தன. "நீங்க என் ஜோடின்னு வச்சுக்குங்க டாக்டர். நான் தொடுறேன், ரெண்டு பேரும் சேந்து சத்தமா எண்ணுவோம். எங்க ரூம்ல எப்பவும் இப்படித்தான். முடிஞ்சதும் எத்தனைன்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க."

என் கையில் பேனா நின்றுவிட்டது. மணிக்கூண்டு இருபது வருடமாகக் கண்ணும் கையும் பிசகாமல் வெட்டித் தைக்கிறவர். அவர் மட்டும் சரியாக எண்ணிவிட்டால் அண்ணி அத்தோடு முடிந்தார். நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. மேட்ரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஆரம்பித்தார். அடித்தளத்துக் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஓடியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. மணிக்கூண்டு முதலில் வேண்டாவெறுப்பாகச் சேர்ந்தார். ஏழுக்குள் இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டது. பதிமூன்றில் மேல்வரிசை முடிந்தது. விரல் திரும்பியது. பதினாலு, பதினஞ்சு. நிற்காமல் போய் இருபத்தாறில் முடிந்தது. மணிக்கூண்டு காகிதத்தில் 26 என்று எழுதி, கீழே நீளமாக ஒரு கையெழுத்தும் போட்டார்.

"மேட்ரன், நீங்க அந்தக் கடைசிலேர்ந்து ஆரம்பிச்சு, வாயத் திறக்காம எண்ணிச் சொல்லுங்க" என்றார் அண்ணி.

மேட்ரன் எண்ணினார். "இருபத்தஞ்சு."

மணிக்கூண்டு ட்ரேயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு கிளாம்பாக எடுத்து வெளியே வைத்து எண்ணினார். முடித்துவிட்டு மறுபடி எண்ணினார்.

"நான் உங்க விரலப் பாத்துட்டேதான் இருந்தேன்" என்றார் கடைசியில்.

"இவரும் பாத்துட்டேதான் இருந்தாரு டாக்டர்" என்று அண்ணி மௌனத்தைக் காட்டினார். "இவரு மேல தப்பு எழுதாதீங்க. என் கொரலுதான் இவரு எண்ணிக்கைய அமுக்கிடுச்சு. எழுதணும்னா பதினேழுன்னு எழுதுங்க. ஆனா இனிமே ரெண்டு பேரு சேந்து எண்ணக் கூடாது. ஒருத்தர் இந்தக் கடைசிலேர்ந்து, ஒருத்தர் அந்தக் கடைசிலேர்ந்து, சத்தம் இல்லாம எண்ணணும். தனித்தனிச் சீட்டுல எழுதணும். அப்புறம்தான் சீட்டச் சேத்துப் பாக்கணும்."

நிர்வாக அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது எங்க படிச்சீங்கம்மா? எந்தக் கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

அண்ணி மேசையில் ஒட்டியிருந்த டேப் துண்டின்மேல் விரலை வைத்தார். "இதுலதான் சார். நாலாம் பகுதி."

எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதை அடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்கே எனக்குத் தனியாக ஒரு பேட்ஜ் தரலாம். எங்கள் அண்ணி! பத்தாவதோடு நின்றவர்! தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்து, அதை ஆஸ்பத்திரிக்கே பாடமாக வைத்துவிட்டுப் போகிறார். வாய்தானே திறக்கக் கூடாது? குறிப்பேட்டில், "தலைமை சர்ஜன் இருபத்தைந்தை இருபத்தாறு என எண்ணிக் கையெழுத்திட்டார்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். மேட்ரன் பிறகு அந்தக் கோடுகளை மட்டும் அழிக்கச் சொன்னார்.

பதினேழு பிழைத்தது. டிராலியில் துண்டு ஒட்டியதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், திங்கட்கிழமையிலிருந்து புது எண்ணும் முறை, அவ்வளவுதான். சாயங்காலம் ஆணியில் பேட்ஜ் ஏறியது. அன்றைக்கு அண்ணி இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

துண்டுகளை டிராலியில் அனுப்ப முடியாது என்றாகிவிட்டதால், சிபாரிசு விநியோகம் என் மேசைக்கு மாறியது. கேட்கிறவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள், அண்ணி எழுதித் தருவதை நான் கொடுப்பேன். பத்து நாள் கழித்து மணிக்கூண்டு என் மேசைக்கு முன் வந்து நின்றார். மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கினார்.

"உங்க அண்ணி எனக்கு ஏதாவது எழுதித் தருவாங்களா?"

"வரிசை இருக்கு டாக்டர். உங்களுக்கு முன்னாடி ஆறு பேரு" என்றேன். உண்மையில் நாலு பேர்தான். அவர் தலையாட்டிவிட்டுப் போய், ஒரு வாரம் காத்திருந்தார்.

அண்ணி அவருக்கு எழுதித் தந்த துண்டை இரண்டு தடவை படித்தேன். "ஓட்டல் சமையல்கூடம். ஏழாம் பகுதி. தலைமைச் சமையல்காரரைப் பார்க்க வேண்டாம். பின்னால் பாத்திரம் கழுவுகிறவரைப் பார்க்கவும். 17."

"இதக் குடுக்கணுமா அண்ணி?"

"குடு. அவருக்கு இதுதான் மருந்து."

கொடுத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் என் மேசையோரம் நின்று சொன்னார். ஆபரேஷன் ஆரம்பிக்கும் முன் ட்ரேயின் பேரையும் தேதியையும்தான் நர்ஸ் வாசிப்பது வழக்கம். இன்று மணிக்கூண்டு கையை நீட்டவில்லையாம். "எண்ணினது யாரு?" என்று கேட்டாராம். நர்ஸ் லேபிளைப் பார்த்து, "பதினேழு, இருபத்துமூணு" என்று படித்த பிறகுதான் கையை நீட்டினாராம். இனிமேல் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டாராம்.

மேசையைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டு அடித்தளத்துக்கு ஓடினேன். அண்ணி ட்ரேயின் ஒரு கடைசியில், மௌனம் மறு கடைசியில். எண்ணிக்கொண்டிருந்தார்கள். அண்ணி என்னைப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். கதவோரம் நின்று தவித்தேன். இருவரும் எழுதினார்கள், சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள்.

"இப்ப சொல்லு."

மூச்சு விடாமல் சொன்னேன். அண்ணியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையுறையைக் கழற்றினார்.

"நீ நேர்ல கேட்டியா?"

"இல்ல. மயக்க மருந்து டாக்டர் சொன்னாரு."

"அப்ப ஒருத்தர்தான் சொல்லிருக்காரு. இன்னொருத்தர் தனியா சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ட்ரேக்குப் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டார். எனக்கு அவர் தலையில் குட்ட வேண்டும்போல் இருந்தது.

நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து அவரைக் கூட்டிக்கொண்டு போக மறுபடி இறங்கினேன். அப்போது தியேட்டர் நர்ஸ் அழுக்கு ட்ரேக்களோடு டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் டிராலியை நிறுத்தக்கூட இல்லை, வரும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, இன்னைக்கு மூணு ஆபரேஷன். மூணுக்கும் உங்க நம்பரச் சத்தமா படிக்கச் சொன்னாரு. படிச்சு முடிக்கிறவரைக்கும் கையே நீட்டல."

மௌனம் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. முகமூடியைக் கீழே இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றாங்க" என்றார். "கணக்கு சரி."